மூன்று வினாக்களும் ஆயிரம் மசலாக்களும்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடுகின்றது என்பது உலகறிந்த செய்தி. பூரணை நிலவிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால் அவ்விசை கேட்கும் என்பர். 1859 இல் இலங்கை பற்றிய தமது பெருநூலை வெளியிட்ட எமர்சன் தெனந்து, அவ்வொலியைத் தாமே செவிமடுத்ததாக எழுதினார். ஆயினும் ஊரிலே உசாவிப் பார்த்தால், தாமே கேட்டவர் சிலர். கேட்டவரிடமிருந்து கேட்டவர் பலர். கேட்டவரைக் கேட்டவரிடமிருந்து கேட்டவரே மிகப் பலர் என்பது புலனாகும். வாய்ச் செய்தி ஒன்றை ஆள்வழியே பின்னோக்கித் தேடிச் சென்று, முதலிற் கேட்ட செவியைக் கண்டடைய முயலுதல் ஓர் அரிய கலை. அதனைச் சாத்திரமாகவே வளர்த்தெடுத்தோர் ஹதீஸ்கலை அறிஞர்கள்.

அச்சாத்திரம் ஒரு வீட்டினுள்ளே நுழைந்து, ஒரு கிழவியின் கையிலிருந்த கிதாபை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட வரலாறு எழுவான்கரை முஸ்லிம் ஊர் ஒன்றிலே நிகழ்ந்தது. அவ்வீட்டிற் பிறந்து, பேராதனையிலே தமிழ் பயின்று, பின்னர் நெடுங்காலம் தமிழாசிரியராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவர் ஒருவரின் வாழ்வோடு பின்னிக் கிடப்பது அது. அவர் இளமையிலே எளிதாகத் தீர்ப்பளித்த ஒரு வழக்கு, முதுமையிலே அவர் மீதே திரும்பி வந்தது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி தாய்வழியாற் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவான். வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகச் சேரும். ஆதலின் வீட்டோடு சேர்ந்த பொருள்களும், பெட்டகத்தின் அடியிலே துணியிற் சுற்றி வைக்கப்பட்ட கிதாபுகளும், தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் செல்வது இயல்பாயிற்று. ஆசிரியரின் தாயைப் பெற்ற மூத்தம்மாவின் பெட்டகத்திலே இருந்தது கல்லச்சில் அச்சான ஓர் அறபுத் தமிழ்க் கிதாபு. தமிழ் எழுத்து அறியாத அக்காலப் பெண்கள் பலர் அறபெழுத்திலே தமிழை வாசிக்க வல்லவராயிருந்தனர் என்பது இன்றைய மாணவர் பலருக்கு வியப்பாக இருக்கலாம். சிறு வயதிலே குர்ஆன் மத்றஸாவிற் கற்ற எழுத்தே அவர்களுக்குத் தாய்மொழி இலக்கியத்தின் வாயிலாயிற்று. எழுத்தறிவுக் கணக்கெடுப்புகளிலே இவர்கள் எந்த நிரலிற் சேர்க்கப்பட்டிருப்பர் என்பது தனியாக ஆராயத்தக்கது.

அக்கிதாபின் முற்பக்கங்கள் எப்போதோ உதிர்ந்து போயின. ஆசிரியர் பெயரில்லை, அச்சிட்ட இடமில்லை, ஆண்டுமில்லை. உள்ளே இருந்தது வினாவும் விடையுமாக அமைந்த ஒரு நீண்ட கதை. கைபரிலிருந்து யூத அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் தம் கூட்டத்தாரோடு நபிகள் நாயகத்திடம் வருகிறார். வானம் பற்றியும் பூமி பற்றியும், சுவர்க்கம் நரகம் பற்றியும், முதற் படைப்புப் பற்றியும் இறுதி நாள் பற்றியும் அடுக்கடுக்காக வினவுகிறார். எல்லாவற்றுக்கும் விடைபெற்று இஸ்லாத்தைத் தழுவுகிறார். பூமி ஓர் எருதின் கொம்பிலே தங்கியிருப்பதும், எருது பாறையில் நிற்பதும், பாறை மீனின் மீது கிடப்பதும் அக்கிதாபிலே இருந்தன. மூத்தம்மா மாலை விளக்கேற்றிய பின் அதனை இராகமாக வாசிப்பார். அயலிலுள்ள பெண்கள் பன்பாய் விரித்துச் சூழ அமர்ந்து கேட்பர். சுவர்க்கத்தார் முதலில் உண்பது மீனின் ஈரல் துண்டு என்ற இடம் வரும்போது அவர்களிடையே ஒரு சிரிப்பு எழும். வாவி மீனை நாள்தோறும் ஆய்ந்து கழுவும் கைகளல்லவா அவை! 1957 டிசம்பர் வெள்ளத்தின்போது அவ்வீட்டார் தலையிலே சுமந்து காப்பாற்றிய பொருள்களுள் அக்கிதாபும் ஒன்று.

அறுபதுகளின் நடுப்பகுதியிலே அவ்வீட்டிற்கு இரண்டு கல்விகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. பேரன் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்தான். அவனிலும் சில மாதம் இளையவனான சாச்சியின் மகன் அறபுக் கல்லூரியிற் கற்று மௌலவியாகித் திரும்பியிருந்தான். ஒருநாள் மாலை மூத்தம்மா வாசித்துக்கொண்டிருக்கையில் இளைய மௌலவி முற்றத்திலிருந்தே கேட்டான். உள்ளே வந்து, அக்கிதாபிலுள்ளவை நபிகளார் கூறியவை அல்ல, இட்டுக் கட்டப்பட்டவை, இனி இதனை வாசிக்கலாகாது என்றான். அவன் கூற்றிலே கடுமை இருந்ததே தவிர ஆணவம் இருக்கவில்லை. நபியின் பெயரால் நபி சொல்லாததைச் சொல்லுதல் இஸ்லாமிய மரபிலே பெரும் பாவமாகக் கொள்ளப்படுவது. தான் நேசித்த கிழவி அப்பாவத்திலே நாள்தோறும் அமிழ்வதைக் கண்டு அவன் உண்மையாகவே அஞ்சினான். மூத்த பேரனோ இவ்வழக்கை வேறொரு பக்கத்திலிருந்து தீர்த்தான். இதற்கு ஆசிரியர் பெயரில்லை, காலமில்லை, பாடம் சிதைந்துள்ளது, ஆதலால் இது நாட்டார் கதை. உண்மை பொய் என்ற கேள்வியே இதற்குப் பொருந்தாது என்று பல்கலைக்கழகத் தோரணையிலே விளக்கினான். ஒருவன் பாவம் என்றான். மற்றவன் பெறுமதியில்லை என்பதையே மரியாதையான சொல்லாற் சொன்னான்.

மூத்தம்மா கிதாபை மூடினார். "அப்ப, இவ்வளவு காலமும் நான் பொய்யையா வாசிச்சன், மகன்?" என்று இருவரையும் பொதுவாகக் கேட்டார். இருவரிடமும் விடையில்லை. அன்று முதல் அவ்வீட்டில் வாசிப்பு நின்றது. பெண்கள் வருவதும் நின்றது.

இளைய மௌலவியின் கேள்வி எவ்வளவு பழைமையானது என்பதை மூத்தவர் பேராதனை திரும்பிய பின்னரே கற்கத் தொடங்கினார். செய்தியின் உள்ளடக்கமாகிய மத்னையும், அதனை ஏந்தி வந்த ஆள்தொடராகிய இஸ்னாதையும் பிரித்து நோக்குதல் ஹதீஸ்கலையின் அடிப்படை. முதற் குழப்பங்கள் தோன்றும்வரை எவரும் தொடரைக் கேட்டதில்லை, குழப்பம் தோன்றிய பின்னரே யாரிடமிருந்து கேட்டாய் என்று வினவத் தலைப்பட்டனர் என்ற கருத்தை, 728 இல் மறைந்த இப்னு ஸீரீன் கூறியதாக இமாம் முஸ்லிம் தமது தொகுப்பின் முன்னுரையிலே பதிவு செய்துள்ளார். இமாம் புஹாரி 870 இல் மறைந்தவர். ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தெரிந்தெடுத்தே தமது தொகுப்பை அவர் அமைத்தார் என்பது மரபு. இத்தொகை தனித்தனிச் செய்திகளின் தொகையன்று. ஒரே செய்தி பல தொடர்களில் வரும்போது ஒவ்வொரு தொடரும் ஒன்றாக எண்ணப்படும். தொகுப்பிலே இடம்பெற்றவை, மீண்டும் மீண்டும் வருவன உட்பட 7,275 என்பது இப்னு ஸலாஹ் தந்த கணக்கு. அறிவித்தவன் யார், எப்போது பிறந்தான், யாரைச் சந்தித்தான், முதுமையில் அவனுக்கு நினைவு தடுமாறியதா என்றெல்லாம் ஆயிரக்கணக்கானோரின் வரலாறுகளை எழுதிவைத்த வேறொரு சமூகத்தை உலக வரலாற்றிற் காண்பது அரிது.

பொய்யர் மாத்திரமே பொய்யை உண்டாக்கினர் என்று அவ்வறிஞர்கள் எண்ணவில்லை. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பார் குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்புப் பற்றியும் ஹதீஸ்களைப் புனைந்தார். மக்கள் சட்டக் கல்வியிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனை மறந்தமையாற் செய்தேன் என்று அவர் கூறியதாக ஹதீஸ்கலை நூல்கள் உரைக்கின்றன. நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட பொய்யே கண்டறிவதற்கு அரியது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

பள்ளிவாசல்களிலே கதை சொல்லிப் பிழைத்த கதைஞர்கள் மீதே அவர்களுக்குப் பெருங் கோபம். 1201 இல் மறைந்த இப்னுல் ஜௌஸி, புனையப்பட்ட ஹதீஸ்களுக்கென ஒரு பெருநூலும், கதைஞர்களைப் பற்றி வேறொரு நூலும் எழுதினார். இவ்விடயத்திலே எவரும் மறவாது எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. அஹ்மத் இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் பக்தாதின் றுஸாபாப் பள்ளிவாசலில் இருக்கையிலே ஒரு கதைஞன் எழுந்து, அவ்விருவரும் தனக்கு அறிவித்ததாகவே தொடர் கூறி, பொன்னலகும் பவளச் சிறகும் கொண்ட பறவைகளைப் பற்றி இருபது பக்கம் வரும் ஒரு கதையை அவிழ்த்துவிடுகிறான். கூட்டம் கலைந்த பின் யஹ்யா அவனை அழைத்து, நானே யஹ்யா, இவரே அஹ்மத், இதனை நாங்கள் சொன்னதில்லையே என்கிறார். கதைஞனோ சற்றும் கலங்காது, யஹ்யா முட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், இன்றுதான் உறுதியாயிற்று. உலகில் உங்கள் இருவரையன்றி வேறு யஹ்யாவும் அஹ்மதும் இல்லையா, பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல்களிடமிருந்து நான் எழுதியிருக்கிறேன் என்கிறான்.

தமிழ் மாணவராகிய அவர் இக்கதையை மிகவும் சுவைத்து நண்பர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். பல ஆண்டுகளின் பின்னரே அதன் மறுபக்கம் அவருக்குத் தெரியவந்தது. 1348 இல் மறைந்த தஹபீ என்னும் பெரும் விமர்சகர், இக்கதையை அறிவித்தவன் யாரென்றே அறியப்படாதவன், இது அவனுடைய புனைவாக இருக்கலாம் என அஞ்சுவதாக எழுதிச் சென்றார். பொய்க்கதைஞரைக் கண்டிப்பதற்காக எடுத்துக்காட்டப்பட்டு வந்த கதையே பொய்க்கதையாகிவிட்டது! தம் பக்கத்துக்குச் சார்பான சான்றையும் இவ்வாறு உரைத்துப் பார்க்கும் நேர்மை எந்தத் துறையிலும் எளிதிற் காணக்கூடியதன்று. பின்வந்த மேனாட்டாருள் கோல்ட்சிஹர் 1890 இலும் ஷாஹ்த் 1950 இலும் எழுப்பிய ஐயங்கள் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றுக்கு அஃஸமி முதலியோர் எழுதிய மறுப்புகளும் உள. ஆனால் ஐயம் மேற்கிலிருந்து இறக்குமதியான பொருள் என்று எண்ணுவோர் தஹபீயை ஒருமுறை வாசித்தல் நன்று.

தமிழ் வகுப்பறை அவருக்கு மற்றொரு கதவைத் திறந்தது. இறையனார் களவியலுரையின் தொடக்கத்திலே, நக்கீரனாரிடமிருந்து அவர் மகனார் கீரவி கொற்றனாருக்கும், அவரிடமிருந்து தேனூர்கிழாருக்கும் என இவ்வாறே வழிவழியாக வந்து, முசிறியாசிரியர் நீலகண்டனாரோடு முடியும் ஓர் ஆள்தொடர் கூறப்படுகிறது. உரை பத்துத் தலைமுறை வாய்வழியே வந்தது என்பதே அதன் பொருள். இது இஸ்னாத் அன்றி வேறு யாது? ஆயினும் அவ்வுரையிலே மேற்கோளாக வரும் பாண்டிக்கோவைப் பாடல்கள் ஏழாம் நூற்றாண்டின் நெடுமாறனைப் பாடுவன. ஆகவே தொடரின் தலையிலே நிற்கும் நக்கீரனார் பெயரைக் கொண்டு உரை முழுவதையும் சங்ககாலத்துக்கு ஏற்ற இயலாது என்பது அறிஞர் துணிபு. பெயர் ஒருவருடையது; சொல் வேறொரு காலத்தது. ஔவையார் எத்தனை பேர், அகத்தியர் எத்தனை பேர் என்று கணக்கிடப் பழகிய தமிழ் மாணவருக்குப் பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல் பெரிய புதிராகத் தோன்றாது.

இவ்விடத்திலே மட்டக்களப்பின் சொந்த மரபையும் ஒரு சொல்லிற் கூறுதல் தகும். முக்குவரும் முஸ்லிம்களும் சேர்ந்து திமிலரைத் துரத்தினர், வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை ஆயிற்று என்றெல்லாம் ஊர்ப்பெயர்களோடு பிணைத்துச் சொல்லப்படும் கதையை அறியாதார் வாவிக்கரையில் இல்லை. 1962 இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964 இல் வந்த வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் இத்தகைய மரபுகளை எழுத்திலே நிலைநிறுத்தின. ஊர்ப்பெயர் கதையைப் பெற்றதா, கதை ஊர்ப்பெயரைப் பெற்றதா என்பதை எந்தத் தொடரும் தீர்த்துவைக்கவில்லை. ஆயினும் 1990 ஆம் ஆண்டின் துயரங்களைக் கண்ட தலைமுறைக்கு, இரு சமூகங்கள் தோளொடு தோள் நின்ற கதை வெறும் பெயராராய்ச்சியாக மாத்திரம் இருத்தல் இயலாது.

ஆதம் நபி சுவர்க்கத்திலிருந்து இறங்கிய இடம் ஸரந்தீப் என்ற செய்தியும் இத்தகையதே. தபரீ முதலாய வரலாற்றாசிரியர் அதனைப் பதிவு செய்துள்ளனர். இப்னு பதூதா 1344 இல் பாவாத மலை ஏறினார். ஆனால் குர்ஆன் இடத்தின் பெயர் எதனையும் கூறவில்லை. இலங்கை முஸ்லிம் ஒருவன் விட்டுக்கொடுக்க மனமில்லாத செய்தி இது என்பதனாலேயே, அதனை மற்றவற்றிலும் கூடுதலாக உரைத்துப் பார்க்கவேண்டியவன் அவனே. நபிமார் வரலாறுகளைத் தொகுத்தோருள் தஃலபீ 1035 அளவில் மறைந்தவர் என்பது தெரியும். கிஸாயீ என்ற பெயரிலே வழங்கும் தொகுப்புக்கோ ஆசிரியர் யாரென்பதே தெளிவில்லை. கைப்பிரதிகளும் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுவன. ஊர்தோறும் ஓதப்பட்டு வந்த சுபுஹான மவ்லிதின் ஆசிரியர் பற்றியும் ஒருமித்த கருத்தில்லை.

மூத்தம்மாவின் கிதாபை அவர் அடையாளங் கண்டது ம. மு. உவைஸ் 1953 இல் வெளியிட்ட, தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிய ஆங்கில நூலின் துணையினால் ஆகும். 1979 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியரானவரும் அவ்வறிஞரே. வண்ணப் பரிமளப் புலவர் பாரசீக வழியாகத் தமிழிற் பாடி, 1572 இல் மதுரையிலே அரங்கேற்றிய ஆயிரம் மசலா இதே அப்துல்லாஹ் இப்னு ஸலாமின் வினாக்களைக் கூறுவது. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது அதுவென்பர். மூத்தம்மாவின் உரைநடைக் கிதாபு அக்காவியத்தின் மகளா, தங்கையா, அன்றி வேறொரு கிளையின் வழிவந்ததா என்பது வேறு வினா. அக்கதையோ தமிழோடு நின்றதன்று. 1143 இலேயே அது அறபிலிருந்து இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. 1543 இல் பாசல் நகரிலே அச்சேறியது. மலாயிலும் சாவகத்திலும் பரவியது. றொனிற் றிச்சி 2011 இல் வெளியிட்ட ஆய்வு சாவகம், மலாய், தமிழ் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டது. எருதும் பாறையும் மீனும் கடல்கள் பல கடந்தே வாவிக்கரைப் பன்பாய்க்கு வந்து சேர்ந்தன.

உறுதியான ஹதீஸிலே இக்கதைக்கு வேர் ஏதும் உண்டா? மூத்தவர் ஒரு விடுமுறையிலே தம்பியாகிய மௌலவியிடம் இதனைக் கேட்டார். மௌலவி எழுந்து சென்று புஹாரியை எடுத்து வந்தார். அங்கே அனஸ் இப்னு மாலிக் வழியாக ஒரு செய்தி இருந்தது. நபிகளார் மதீனாவுக்கு வந்ததை அறிந்து அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வந்தார். ஒரு நபியன்றி வேறெவரும் அறியாத மூன்றைக் கேட்டார். இறுதி நாளின் முதல் அடையாளம் யாது? சுவர்க்கத்தார் உண்ணும் முதல் உணவு யாது? பிள்ளை தந்தையைப் போன்றோ தாயைப் போன்றோ பிறப்பது எதனால்? மூன்றே மூன்று வினாக்கள். வந்தவர் கைபரிலிருந்து கூட்டத்தோடு வரவில்லை, மதீனாவிலேயே வாழ்ந்தவர். இரண்டாம் வினாவுக்குரிய விடை மீனின் ஈரலிலே ஒட்டியிருக்கும் துண்டு என்பதாகும்.

இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். கிதாபு முழுவதிலும் மூத்தம்மாவின் தோழியர் சிரித்த இடம் அதுவே. கரையோரத்து மீன்பிடிகாரர் எவரோ சேர்த்த சரக்கு என்று மூத்தவர் மனத்துள்ளே தள்ளிவைத்திருந்த இடமும் அதுவே. கம்பீரமான அறபுச் சொற்களோடு வானங்களையும் மலக்குகளையும் விவரித்த பகுதிகளை அவர் உண்மைக்கு அண்மையானவை என ஊகித்திருந்தார். அவற்றிற் பலவற்றுக்குத் தொடரே இல்லை. மீனீரலுக்கோ புஹாரியின் தொடர் இருந்தது. நடையின் உயர்வு தாழ்வைக் கொண்டு உண்மையை அளக்கும் பழக்கம் எவ்வளவு வழுக்கலானது என்பதை அவர் அன்று பட்டறிந்தார். மௌலவி அன்று மாலையே மூத்தம்மாவிடம் சென்று அந்த மூன்று வினாக்களையும் வாசிக்கலாம் என்றார். "மூண்டுதானா?" என்று கேட்டுவிட்டு மூத்தம்மா சீலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிதாபைத் திறக்கவில்லை.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் கூரைகளையும் தென்னைகளையும் ஒன்றாகவே வாரிச் சென்றது. மூத்தம்மாவின் வீட்டுக் கூரையும் போயிற்று. பெட்டகத்துள் நீர் புகுந்தது. கிதாபின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடுவிலே பல பக்கங்கள் மை கரைந்து வாசிக்க முடியாதனவாயின. அப்போது ஆசிரியராகிவிட்ட பேரன் அதனை வெயிலிலே உலர்த்தித் தாள்தாளாகப் பிரித்து, கொப்பி ஒன்றிலே தமிழ் எழுத்திற் படியெடுக்கத் தொடங்கினார். மை அழிந்த இடங்களை மூத்தம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாசிக்காத கிதாபு அவர் வாயிலிருந்து தடையின்றி வந்தது. பேரன் எழுதிக்கொண்டே போனார். மூத்தம்மா சொன்ன பேச்சுச் சொற்களை ஆங்காங்கே செந்தமிழாக்கவும் செய்தார். அவ்வாறு செய்வது ஒரு தமிழாசிரியரின் கடமை என்றே அவர் அப்போது கருதினார். கிதாபிலிருந்து எடுத்தது எது, வாயிலிருந்து எடுத்தது எது என்று குறித்துவைக்க வேண்டும் என்ற நினைவு அவருக்கு எழவேயில்லை. ஹதீஸ்கலையிலே மூலச் செய்தியோடு அறிவிப்பாளனின் சொல் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடுவதற்கு முத்றஜ் என்று பெயர். 1071 இல் மறைந்த கதீப் அல்பக்தாதீ அதற்கெனவே ஒரு நூல் எழுதினார். அப்பெயரை அவர் அறிந்தேயிருந்தார். தம் கை அதனைச் செய்துகொண்டிருந்ததைத்தான் அறியவில்லை.

மூத்தம்மா சில ஆண்டுகளின் பின் காலமானார். வழமைபோல் கிதாபு பேத்தி வழிச் சென்றது. ஆசிரியரின் இளைய சகோதரிக்குச் சீதனமாகக் கட்டிய வீடு கடற்கரைப் பக்கமாக அமைந்தது. 2004 டிசம்பர் 26 காலையிலே அவ்வீட்டின் அத்திவாரம் மாத்திரம் எஞ்சியது. உயிர்கள் தப்பியமையே பெரிதாக இருந்த அந்நாட்களிலே கிதாபைப் பற்றி எவரும் பேசவில்லை. எஞ்சியது ஆசிரியரிடமிருந்த கொப்பி ஒன்றே.

அதன்பின் ஆண்டுகள் சில கழிந்து, இஸ்லாமியத் தமிழ் ஆய்விலே ஈடுபட்ட பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அக்கொப்பியைத் தேடி வந்தாள். பல நாட்கள் இருந்து ஒப்பிட்டாள். இறுதியிலே ஒரு வினாவைச் சுட்டிக் காட்டினாள்: வாயுண்டு, பேச்சில்லை, ஆண்டுக்கொருமுறை வாய் திறக்கும், திறந்தால் உப்பும் இனிப்பும் ஒன்றாகும், அது யாது? விடை ஆற்றுவாய் என்றிருந்தது. மாரி வெள்ளம் பெருகுகையிலே மணற்றிட்டு உடைந்து வாவியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தை அறிந்தவரன்றி வேறெவரும் இவ்வினாவை அமைத்திருக்க முடியாது. தான் பார்த்த வேறெந்தப் பிரதியிலும் இது இல்லை என்றாள் அவள். பின்னர் மிகவும் பணிவாகவே கேட்டாள்: "சேர், இது கிதாபில் இருந்ததா, உங்கள் மூத்தம்மா சொன்னதா, அல்லது நீங்கள் எழுதியதா?"

ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. மூன்றாவதை அவர் முதலில் மறுக்கவே எண்ணினார். ஆனால் அவ்வசனத்தின் நடை அவருடைய நடையாகவே இருந்தது. மூத்தம்மா "இனிப்பு" என்று சொல்லியிருக்க மாட்டார்; வாவி நீரைப் பற்றி அவர் வேறு சொல்லே வழங்குவார். சொல்லை மாற்றியது தாமெனில், பொருளையும் தாமே கொடுத்திருக்கலாகாதா? இளமையிலே கவிதை எழுதிப் பார்த்த பழக்கமும் அவருக்கு இருந்தது. மறுபுறம், மூத்தம்மா இவ்வினாவைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தி, விடையை அவரே சொல்லட்டும் எனக் காத்திருந்தது போன்ற ஒரு காட்சியும் நினைவில் நின்றது. அது நடந்த காட்சியா, இப்போது வேண்டுமென்பதால் மனம் வரைந்துகொண்ட காட்சியா? முதுமையிலே நினைவு தடுமாறிய அறிவிப்பாளர்களின் செய்திகளை, தடுமாற்றத்துக்கு முன் கேட்டவை, பின் கேட்டவை என ஹதீஸ்கலை அறிஞர் பிரித்துவைத்தமை அவருக்கு அன்றிரவு நினைவுக்கு வந்தது. அறிஞர்கள் தம்மைப் பற்றி என்ன எழுதியிருப்பர் என்பதை அவர் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மாணவியையும் அழைத்துக்கொண்டு மௌலவியிடம் சென்றார். அவரும் இப்போது தாடி நரைத்து, செவிப்புலன் சற்றுக் குறைந்தவர். வினாவை இருமுறை உரத்து வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்து முடித்ததும் அவர் நகைத்தார். உம்மாவோடும் மூத்தம்மாவோடும் ஆற்றுவாய் வெட்டுவதைப் பார்க்கப் போன நாளிலே மூத்தம்மா இந்த நொடியைத் தமக்குப் போட்டதாகவும், தாம் விடை தெரியாது விழித்ததாகவும் கூறினார்.

"அப்ப கிதாபில இருந்ததில்லையா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியா, காக்கா. கிதாபைப் பார்த்து எனக்குச் சொல்லியிருக்கலாம்; எனக்குச் சொன்னதைக் கிதாபுக்க சேர்த்தும் இருக்கலாம். நான் கேட்டது அவங்கட வாயால. அவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும்."

மாணவி தன் குறிப்பேட்டிலே அதனை அவ்வாறே எழுதிக்கொண்டாள். பின்னர், இவ்வினாவை முத்றஜ் எனக் குறிக்கலாமா என்று மௌலவியிடம் கேட்டாள். குறிக்கலாம், ஆனால் அறிவித்தவரின் பெயரில்லாமல் குறிக்கக் கூடாது என்றார் அவர். கொப்பியைத் தம் பக்கம் இழுத்து, ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்து பேனாவைக் கேட்டு வாங்கி, அவ்வினாவின் ஓரத்திலே மூத்தம்மாவின் பெயரை அறபெழுத்தில் எழுதினார். அதன் கீழே அவரின் தாயாரின் பெயரையும் எழுத முனைந்து நிறுத்தி, அப்பெயர் என்னவென்று ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியருக்கும் அது நினைவில்லை. பேத்தியிடம் கேட்டால் தெரியும் என்று மாணவியை அங்கேயே இருத்திவிட்டு, அவர் வேலி கடந்து தங்கையின் வீட்டுக்கு நடந்தார்.